கையால் அடித்த இரும்பு முனைகள் மர அம்பிலிருந்து கழல்கின்றன: பொருத்தும் முறை பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கொங்குவில்

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக மரவில்லில் பழகி வருகிறேன். இதுவரை கடையில் வாங்கிய கடைசல் முனைகளையே அம்புகளுக்குப் பொருத்தி வந்தேன். இவ்வாண்டு, எங்கள் பகுதியில் அரிவாளும் மண்வெட்டியும் அடித்துத் தரும் கொல்லர் ஒருவரின் உலையில் நான்கு நாள்கள் உடனிருந்து, அவர் சொல்லித்தர, 12 முனைகளை என் கையாலேயே அடித்தேன். 8 மில்லிமீட்டர் சாதா இரும்புக் கம்பியின் ஒரு நுனியை விசிறி போலத் தட்டையாக்கி, அதை ஒரு கூம்புக் கம்பியின் மேல் சுற்றிக் குழலாக்கினோம். மறுநுனியை நான்கு பட்டையாக நீட்டிக் கூராக்கினோம். குழலின் ஓரங்கள் சேரும் பொருத்துவாயைப் பற்றவைக்கவில்லை. மயிரிழை இடைவெளி இருக்கிறது. கடைசியில் பழைய இன்ஜின் எண்ணெயில் முக்கி எடுத்தோம். அந்தக் கருமை நிறம் மிகவும் பிடித்துவிட்டதால் தேய்க்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

குழலின் வாய் உள்விட்டம் 8 மில்லிமீட்டர். ஆழம் 20 முதல் 24 மில்லிமீட்டர் வரை முனைக்கு முனை மாறுகிறது. அடிப்பகுதியில் உள்விட்டம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். எடை 8 கிராமிலிருந்து 10.5 கிராம் வரை இருக்கிறது. தண்டுகள் தேக்கு, 9 மில்லிமீட்டர் தடிமன், 76 சென்டிமீட்டர் நீளம், நானே இழைத்தவை. தண்டின் நுனியைப் பென்சில் சீவியில் கொடுத்துக் கூம்பாக்கி, மீதியைக் கத்தியால் சரிசெய்தேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் இரண்டு குழாய் எப்பாக்சிப் பசையை வைத்து ஒட்டினேன்.

40 பவுண்டு இழுவிசையுள்ள வில்லில், 15 மீட்டர் தொலைவில், இறுக்கிக் கட்டிய வைக்கோல் இலக்கில் இரண்டு நாள்கள் எய்தேன். ஐந்து முனைகள் வைக்கோலுக்குள்ளேயே தங்கிவிட்டன. தண்டு மட்டும் கையோடு வந்தது. ஓர் அம்பு முன்பகுதியில் நீளவாக்கில் பிளந்தது. ஆறு அம்புகள் நன்றாக உள்ளன என்றாலும் அவற்றை நம்பி எய்ய மனம் வரவில்லை.

இதைவிட வலிமையான பசை உண்டா? குறுக்கே ஆணி அடித்துவிடலாமா? அல்லது குழல் முறையையே விட்டுவிட்டு, அரிவாளுக்குப் பிடி போடுவதைப் போல வால் வைத்து அடித்து, தண்டுக்குள் இறக்குவதுதான் சரியா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கடைசல்பட்டறை

வணக்கம் நண்பரே. அளவுகளைத் தெளிவாகத் தந்திருப்பதால் உறுதியாகவே சொல்ல முடிகிறது: தங்கள் பசையில் குறை இல்லை. பசை தொட்டுக்கொண்டிருந்த இரண்டு பரப்புகளிலும், கூம்பின் வடிவத்திலும்தான் குறை இருக்கிறது.

முதலில், முனை எப்போது கழல்கிறது என்பதைப் பாருங்கள். அம்பு இலக்கில் மோதும்போது தண்டு முன்னோக்கித் தள்ளுகிறது, முனை பின்னோக்கி அழுத்தப்படுகிறது. அதாவது ஒவ்வொரு எய்தலும் குழலை மரத்தின் மேல் இன்னும் இறுக்கமாக ஏற்றுகிறது. நாம் அம்பை இலக்கிலிருந்து உருவும்போதுதான் முனை பின்தங்குகிறது. எனவே மோதலின் சுமையைத் தாங்க வேண்டியது மரமும் இரும்பும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் பொருத்தம். உருவும்போது பிடித்துக்கொள்வது மட்டுமே பசையின் வேலை. பொருத்தம் சரியில்லாமல், மோதலையும் பசையே தாங்கும்படி விட்டால், நாலைந்து அம்புகளிலேயே அது நொறுங்கிப் பொடியாகிவிடும். அதன்பின் உருவும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இனிக் கூம்பு. கடைசல் இயந்திரத்தில் துளையிடும் தலையை மோர்ஸ் டேப்பர் என்னும் கூம்பில்தான் செருகுகிறோம். அதற்குப் பசையும் இல்லை, மரையும் இல்லை. கூம்பின் மொத்தக் கோணம் ஏறத்தாழ 3 பாகைதான் என்பதால், செருகிய உராய்விலேயே நின்றுவிடுகிறது, கழற்ற ஆப்பு வைத்துத் தட்ட வேண்டியிருக்கிறது. தங்கள் குழலோ 22 மில்லிமீட்டர் ஆழத்தில் 8 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்குக் குறுகுகிறது. அது ஏறத்தாழ 13 பாகை. இவ்வளவு அகன்ற கூம்பு தானாகப் பிடித்துக்கொள்ளாது. பசை சற்றே விட்டதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அடுத்த முறை அடிக்கும்போது விசிறியை இன்னும் நீளமாக இழுத்து, குழலின் ஆழத்தை 32 மில்லிமீட்டராகவும் அடிவிட்டத்தை 4 மில்லிமீட்டராகவும் வைத்துப் பாருங்கள். கோணம் 7 பாகைக்கு வந்துவிடும், ஒட்டும் பரப்பும் கூடும். பென்சில் சீவி தரும் கூம்பு தங்கள் குழலைவிடவும் குட்டையானது. அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். வெளிநாடுகளில் விற்கும் ஆலை முனைகளுக்கு 5 பாகைச் சரிவு என்ற அளவு உண்டு, அதற்கான சீவுகருவியும் கிடைக்கிறது. ஆனால் கையால் அடித்த குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இராது என்பதால், ஒவ்வொரு தண்டையும் அதனதன் முனைக்கென்றே சீவ வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

அப்படிச் சீவுவதற்குப் பட்டறையில் நாங்கள் செய்வதையே செய்யலாம். குழலின் உட்புறத்தை எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் மேல் காட்டிப் புகைக்கரி படியவிடுங்கள். சீவிய தண்டை உள்ளே செருகி, கால் சுற்று திருப்பி, வெளியே எடுங்கள். மரத்தில் எங்கெல்லாம் கரி ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மரம் மேடாக இருக்கிறது என்று பொருள். அந்த மேடுகளை மட்டும் மெல்லிய அரத்தால் எடுத்துவிட்டு மீண்டும் செருகிப் பாருங்கள். முதலில் வாயருகே ஒரு வளையமாக மட்டும் கரி ஒட்டும். பத்துப் பன்னிரண்டு முறை சென்றபின் கூம்பு முழுவதும் பரவலாக ஒட்டத் தொடங்கும். அதுவே தாங்கள் தேடும் பொருத்தம். ஒரு முனைக்கு அரை மணி நேரம் ஆகலாம். பிளந்துபோன அந்த அம்பில், குழலின் வாயோரம் மட்டும் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும் என்பது என் கணிப்பு. மோதல் முழுவதும் அந்த ஒரு வளையத்தில் விழும்போது, இரும்பின் ஓரம் உளியைப் போல வேலை செய்துவிடுகிறது.

மரத்தின் நுனி குழலின் அடியைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிற்க வேண்டும். நுனி முதலில் முட்டினால் சுவர்கள் தொடாது. நுனி நசுங்கியதும் முனை ஆடத் தொடங்கும்.

பரப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலையிலிருந்து வரும் இரும்பின் மேல் இருக்கும் அந்தக் கருமை, இரும்போடு உறுதியாகப் பிடிப்பில்லாத செதில். பசை செதிலோடு நன்றாகத்தான் ஒட்டுகிறது. செதில் இரும்பை விட்டுவிடுகிறது. அதன் மேல் எண்ணெய் வேறு ஊறியிருக்கிறது. கழன்ற ஐந்து தண்டுகளின் நுனியைப் பாருங்கள்: பசை மரத்திலேயே தங்கி, அதன் மேல் கரும்பொடி படிந்திருந்தால் நான் சொல்வது சரி. சாதா இரும்பில் கரி (கார்பன்) அளவு மிகக் குறைவு என்பதால், எண்ணெயில் முக்கினாலும் அது சொல்லிக்கொள்ளும்படி உறுதியேறாது. அந்த வேலையையே விட்டுவிடலாம். குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உட்புறத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். வெளிப்புறக் கருமையைத் தொடவேண்டியதில்லை, அழகு அப்படியே இருக்கட்டும். தேக்கிலும் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. சீவிய இடத்தை ஒட்டுவதற்குச் சற்று முன்னர் தின்னரால் துடைத்து, உலர்ந்ததும் உடனே ஒட்டுங்கள். ஒருநாள் விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

ஐந்து நிமிடப் பசைக்குப் பதிலாக, மெதுவாக இறுகும் வகையை வாங்கி 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். நொடியில் ஒட்டும் பசை மோதலில் கண்ணாடி போல உடையும். வெள்ளை மரப்பசை இரும்பைப் பிடிக்காது.

பதில்: வடகடல்

நான் நார்வேயில் வசிக்கிறேன். இங்குள்ள பழைய மாதிரி அம்புகளைச் செய்து பார்ப்பதில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். கடைசல்பட்டறை அவர்கள் கூறியதில் எனக்கு மாறுபாடு இல்லை. தாங்கள் கேட்ட மற்ற இரண்டு கேள்விகளுக்கு, அதாவது ஆணி, வால் ஆகியவற்றுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யோத்துன்ஹெய்மன் மலைத்தொடரில் பனிப்படலங்கள் உருகத் தொடங்கியதிலிருந்து, நூற்றாண்டுகளாக உறைந்து கிடந்த அம்புகள், கட்டிய நூலும் ஒட்டிய தாரும் கெடாமல் வெளிவந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றை லோம் என்ற சிற்றூரில் உள்ள காட்சியகத்தில் பார்த்தேன். இரும்பு முனைகளில் பெரும்பாலானவை குழல் உடையவை அல்ல, வால் உடையவை. தண்டின் நுனியில் வாலை இறக்கி, மரத்தார் பூசி, விலங்கின் தசைநாரால் இறுக்கமாகச் சுற்றி, சிலவற்றில் அதன் மேல் பிர்ச் மரப்பட்டையை மெல்லிய நாடா போலச் சுற்றியிருக்கிறார்கள். அந்தச் சுற்று அழகுக்காகச் செய்ததன்று. வால் மரத்துக்குள் இருக்கும் ஆப்பு. ஒவ்வொரு மோதலும் அந்த ஆப்பை இன்னும் உள்ளே அடிக்கப் பார்க்கிறது. சுற்றுக்கட்டு இல்லையென்றால் தண்டு பிளந்தே தீரும்.

ஆகையால் வால் முறைக்குச் செல்வதென்றால், இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. முதலாவது, வால் தொடங்கும் இடத்தில் முனைக்கு ஒரு தோள் இருக்க வேண்டும். அந்தத் தோள் தண்டின் வெட்டுமுகத்தில் சமமாக அமர்ந்து, மோதலைத் தானே வாங்கிக்கொண்டு, வாலை மேற்கொண்டு உள்ளே போகவிடாமல் தடுக்கும். தோள் இல்லாத வால் எவ்வளவு சுற்றினாலும் ஒருநாள் பிளக்கும். இரண்டாவது, துளையிடுவதற்கு முன்பே தண்டின் நுனியை நூலால் சுற்றிவிட வேண்டும். சுற்றியபின் துளைத்தால் துளைகருவியே மரத்தைப் பிளப்பது நின்றுவிடும். வாலை நான்கு பட்டையாக அடித்தால் துளைக்குள் சுழலாது. அரிவாள் பிடிக்குச் செய்வதைப் போல வாலைப் பழுக்கக் காய்ச்சி இறக்கினால் துளைக்குள் மரம் கரியாகிவிடும்; அரிவாள் பிடியில் அதைத் தாங்கிக்கொள்ளுமளவு மரம் இருக்கிறது, 9 மில்லிமீட்டர் தண்டில் இல்லை. எனவே முதலில் துளைத்துவிட்டு, கை பொறுக்காத சூட்டில் மட்டும் வாலைக் காய்ச்சிச் செருகுங்கள்.

உண்மையில் வால் முறை மிக இயல்பாகப் பொருந்துவது உள்ளே துளையுள்ள தண்டுகளுக்குத்தான். ஜப்பானியர் மூங்கில் தண்டுக்குள் நீண்ட வாலை இறக்கி, மேலே சுற்றுக்கட்டு இடுகிறார்கள். பண்டைய எகிப்தில் நாணல் தண்டுகளின் முன்புறத்தில் கடினமான மரத்துண்டு ஒன்றைச் செருகி, முனையை அந்த மரத்தில் பொருத்தினார்கள். மன்னர் தூத்தன்காமுனின் கல்லறையில் அத்தகைய அம்புகள் ஏராளமாகக் கிடைத்தன. கெட்டி மரத்தண்டு வைத்திருக்கும் தங்களுக்குக் குழலே மேல் என்பது என் கருத்து. ஆங்கிலேயரின் நெடுவில் அம்புகள் குழல் முறையில் அமைந்தவை. 1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் 3500க்கும் மேற்பட்ட அம்புகள் இருந்தன. பெரும்பாலானவை பாப்லர் மரத்தாலானவை. இரும்பு முனைகள் ஏறக்குறைய எல்லாம் துருப்பிடித்து அழிந்துவிட்டன, ஆனால் குழலுக்காகக் கூம்பாகச் சீவிய மர நுனிகள் எஞ்சியிருக்கின்றன. மோதலுக்கு மிகக் கடுமையான சோதனையாக அமைந்த வில்லுக்கே இந்த முறை போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆணியைப் பொறுத்தவரை, பழைய குழல் முனைகள் பலவற்றில் ஆணிக்கான சிறு துளை இருக்கிறது. ஆகவே அது தவறான முறை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. 1403இல் இங்கிலாந்தில் நடந்த ஷ்ரூஸ்பரி போரில், பிற்காலத்தில் ஐந்தாம் ஹென்றி மன்னரான 16 வயது இளவரசரின் முகத்தில் அம்பு தைத்தபோது, தண்டை உருவிவிட்டார்கள், முனை மட்டும் எலும்பில் ஏறத்தாழ 6 அங்குல ஆழத்தில் தங்கிவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற மருத்துவர், அதை எடுப்பதற்கென்றே ஒரு கருவியைச் செய்தார்: முனையின் காலியான குழலுக்குள் நுழைந்து, உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் இடுக்கி அது. தங்கள் வைக்கோல் கட்டுக்குள் நடந்ததும் இதேதான், உருவும்போது குழல் தண்டை விட்டுவிட்டது.

ஆணி வைத்தால், 8 மில்லிமீட்டர் கூம்பில் 1.5 மில்லிமீட்டர் துளை போடுகிறீர்கள். நார் ஓடும் திசையில் ஒரு விரிசலுக்குத் தொடக்கப்புள்ளி அங்கே உருவாகிவிடுகிறது. பொருத்தமும் பசையும் சரியாக அமைந்த முனைக்கு இலக்குப் பயிற்சியில் ஆணி தேவைப்படாது. வைத்தே ஆக வேண்டுமென்றால், மரம் தடித்திருக்கும் வாயருகே, பித்தளைக் கம்பியை வைத்து, இருபுறமும் அரத்தால் சமமாக்கிவிடுங்கள்.

ஆணியின் இடத்தில் நான் பரிந்துரைப்பது சுற்றுக்கட்டு. குழலின் வாய்க்குப் பின்னால், தண்டின் மேல் 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு, தேன்மெழுகு பூசிய பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். நூலின் தொடக்க நுனியை வளையமாகத் தண்டின் மேல் படுக்கவைத்து, அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போய், கடைசி நுனியை வளையத்துக்குள் விட்டு, தொடக்க நுனியை இழுத்தால் முடிச்சு சுற்றுக்குள் மறைந்துவிடும். முனையைப் பிடித்திருப்பதற்கு இது உதவாது. விரிசல் தொடங்கினால் பின்னோக்கி ஓடவிடாமல் நிறுத்தும்.

கொங்குவில்

இருவருக்கும் மிக்க நன்றி. கழன்ற தண்டுகளை இன்று பார்த்தேன். ஐந்தில் நான்கில், பசை மரத்தில் அப்படியே இருக்கிறது, அதன் மேல் கரும்பொடி படிந்திருக்கிறது. ஐந்தாவதில் மரத்தின் நுனியே ஒடிந்து குழலுக்குள் தங்கிவிட்டது. அந்த இடத்தில் நார் நேராக ஓடாமல் சாய்ந்து வெளியேறுகிறது. பிளந்த அம்பில் கூம்பின் மேல் வாயருகே ஆழமான ஒரு வெட்டுத்தடம் வட்டமாகத் தெரிகிறது.

ஒரு சந்தேகம். தண்டு ஒடிந்தால் எப்பாக்சி வைத்த முனையை மீட்க முடியுமா? நான்கு நாள் உழைத்து அடித்த முனைகளை ஒரு தண்டோடு இழக்க விரும்பவில்லை. எங்கள் கொல்லர் அரக்கு வைத்து ஒட்டச் சொல்கிறார். அது மோதலைத் தாங்குமா?

பதில்: மரவேலை

தாராளமாகத் தாங்கும் ஐயா. தங்கள் கொல்லர் சொல்வது இந்தியா முழுவதும் வழங்கிய முறை. வடநாட்டு வாள்களின் பிடியை அரக்கும் பிசினும் கலந்த கலவையால்தான் நிலைநிறுத்தினார்கள். நான் வீட்டுக் கத்திகளுக்கும் உளிகளுக்கும் பல ஆண்டுகளாக அரக்கு வைத்தே பிடி போட்டு வருகிறேன். அம்பு முனைகளுக்கும் வைத்திருக்கிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் அவலரக்கு கிடைக்கும். அதை இரும்புக் கரண்டியில் இளந்தீயில் உருக்கி, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சலித்த செங்கற்பொடியைக் கலந்து, ஈரப் பலகையின் மேல் குச்சியாக உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அரக்கு இறுகியதும் நொறுங்கும் தன்மை உடையது. பொடி சேர்த்தால் அந்தக் குறை தணியும். பொருத்தும் நேரத்தில் முனையைக் குறட்டில் பிடித்து, சாராய விளக்கின் மேல் குழலை மட்டும் காட்டி, அரக்குக் குச்சியைத் தொட்டால் அது வெண்ணெய் போல இளகும் அளவுக்குச் சூடேற்றுங்கள். 75 முதல் 80 பாகை செல்சியஸ் சூட்டிலேயே அரக்கு இளகிவிடும். புகை வந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். தண்டின் கூம்பையும் மெல்லச் சூடாக்கி, அதன் மேல் அரக்கைத் தடவி, குழலுக்குள் திருகிச் செருகுங்கள். இறுகுவதற்குள் சில நொடிகள் கிடைக்கும். அந்த நொடிகளில்தான் முனையை நேராக்க வேண்டும்: அம்பை நகங்களின் மேல் படுக்கவைத்துச் சுழற்றுங்கள், முனை கிறுகிறுத்தால் கால் சுற்று திருப்பி வைத்துப் பாருங்கள். கையால் அடித்த முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல் இருக்கும், அது தண்டின் கோணலோடு இணங்கும் நிலை ஒன்றும் இருக்கும். எப்பாக்சியில் இந்தத் தேடலுக்கு நேரம் உண்டு, ஆனால் இறுகியபின் திருத்த முடியாது; அரக்கில் மறுபடி சூடாக்கினால் போதும். அதற்காகத்தான் நான் அரக்கையே விரும்புகிறேன்.

தங்கள் சந்தேகத்துக்கு விடை: எப்பாக்சியும் சூட்டுக்கு இளகும். ஒடிந்த தண்டோடு முனையை விளக்கில் காட்டி, காற்றோட்டமான இடத்தில், குறட்டால் திருகினால் வந்துவிடும். உள்ளே எஞ்சியதைச் சுரண்டியெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். அரக்கில் வேலை இன்னும் எளிது. ஆனால் ஒரே அரக்கைத் திரும்பத் திரும்ப உருக்காதீர்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் காய்ந்தால் ரப்பர் போலாகி, இளகும் தன்மையையே இழந்துவிடும்.

மேல்நாட்டில் பைன் பிசினும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து செய்யும் கலவையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் தேன்மெழுகு 62 பாகையை ஒட்டியே உருகிவிடும். கத்தரி வெயிலில் மூடிய காருக்குள் அம்புகளை விட்டுச் செல்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்யும் வச்சிரப் பசையும் வேண்டாம். மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்கு அதற்கு நிகரில்லை என்றாலும், ஐப்பசி மழையின் ஈரத்தில் விட்டுவிடும்.

இன்னொன்று. உலக்கைப் பூண் ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். ஊறிய மரம் பூணுக்குள் விரிய இடமின்றித் தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது என்பதே காரணம். அம்புக்கும் இதுவே பொருந்தும். ஆடும் முனையை நனைத்து இறுக்க முயல வேண்டாம். மாறாக, தண்டுகளைக் கூம்பு சீவுவதற்கு முன் இரண்டு வாரம் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஈரமாக இருக்கும்போது அளவெடுத்துப் பொருத்தினால், பங்குனியில் மரம் சுருங்கும்போது முனை ஆடும்.

கொங்குவில்

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். பழைய முனைகளில் எட்டைச் சுத்தம் செய்து, கரி காட்டிப் பொருத்தி, நான்கை மெதுவாக இறுகும் எப்பாக்சியிலும், நான்கை அரக்கிலும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சுற்றுக்கட்டு இட்டேன். நீண்ட குழலுடன் புதிதாக நான்கு முனைகளும் அடித்து அரக்கில் பொருத்தினேன். ஒவ்வோர் அம்பையும் ஐம்பது முறைக்குக் குறையாமல் எய்திருக்கிறேன். எப்பாக்சி நான்கும் நிற்கின்றன. நீண்ட குழல் நான்கும் நிற்கின்றன. பழைய குட்டைக் குழலில் அரக்கு வைத்தவற்றில் இரண்டு மட்டும், உருவும்போது கழன்றன. இரண்டிலும் பொருத்தம் நன்றாகவே இருந்தது. வைக்கோலிலிருந்து உருவும்போது கடைசி இரண்டு அங்குலத்தில் எங்கோ மாட்டுவது போலக் கைக்குத் தெரிகிறது. நீண்ட குழல்களில் அந்த உணர்வு இல்லை.

பதில்: கடைசல்பட்டறை

நல்ல சோதனை. அந்தக் கைக்குத் தெரிந்த மாட்டல்தான் விடை. பழைய குழல்களின் வாயில் சுவரின் தடிமன் எவ்வளவு என்று வெர்னியரில் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் இருந்தால், உள்விட்டம் 8, இருபுறமும் ஒவ்வொன்று, ஆக வெளிவிட்டம் 10. தண்டு 9. அப்படியானால் முனைக்குப் பின்னால் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் படி ஒன்று நிற்கிறது. உள்ளே போகும்போது அது தெரியாது. உருவும்போது ஒவ்வொரு வைக்கோலும் அந்தப் படியில் மாட்டி, முனையைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. புதிய குழல்களை நீட்டி அடித்தபோது வாயோரம் தானாகவே மெலிந்திருக்கும், அதனால்தான் அவை மாட்டவில்லை.

கழன்ற இரண்டின் வாயோரத்தையும் வெளிப்புறத்திலிருந்து அரத்தால் அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு மெலித்துவிடுங்கள். 8 உடன் இருபுறமும் அரை அரை சேர்ந்தால் 9, தண்டோடு சமமாகிவிடும். சுற்றுக்கட்டை வாயோரத்தைத் தொட்டபடியே தொடங்கி, அதன் மேல் சிறிது அரக்கைச் சூடாகத் தடவி வழுவழுப்பாக்குங்கள். படி இருந்த இடம் சரிவாகிவிடும். அம்பை உருவும்போது ஒரு கையால் இலக்கை அழுத்திக்கொண்டு, மறுகையைத் தண்டு இலக்கில் நுழையும் இடத்துக்கு அருகில் வைத்து, நேராகப் பின்னோக்கி இழுங்கள். திருகாதீர்கள், திருகல் அரக்கின் பிடியை முதலில் உடைக்கும்.

கழன்றவற்றை மறுபடி பொருத்தியபின், எய்வதற்கு முன் தண்டைக் காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். நெறிபடும் ஓசை சிறிதளவு கேட்டாலும் அந்தத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, முனையை மட்டும் மீட்டுக்கொள்ளுங்கள். நார் சாய்ந்து ஓடிய அந்த ஐந்தாவது தண்டைப் போன்றவை வில்லிலிருந்து கிளம்பும்போதே ஒடிந்து, வில்லைப் பிடித்திருக்கும் கையில் தைக்கக்கூடியவை.

கொங்குவில்

வெர்னியரில் பார்த்தேன்: 9.9 ஒன்று, 10.1 ஒன்று. புதிய குழல்களில் 9.1. இன்று மாலை இரண்டையும் அரத்தில் மெலித்து அரக்கில் வைத்துவிட்டேன்; மீதி ஆறு பழைய முனைகளின் வாயோரத்தையும் நாளை மெலித்துவிடுகிறேன்.